போகிற வழிக்குச் சிவப்பு

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

சொல்கிறவன் நான். எழுதுகிறவள் என் மருமகள். "நலம், நலமறிய ஆவல்னு ஆரம்பிக்கலாமா மாமா?" என்று கேட்டாள். அதெல்லாம் வேண்டாம், நேராக விஷயத்துக்குப் போ என்றேன். போனிலேயே பேசிவிடலாமே என்றும் கேட்டாள். போன் என்றால் முதல் வார்த்தைக்கே நீங்கள் வைத்துவிடுவீர்கள், இல்லை நான் வைத்துவிடுவேன். கடிதம் அப்படியில்லை. கோபத்தில் கீழே போட்டாலும் மறுபடி எடுத்துப் படிக்கலாம்.

விஷயம் என் ஆம்ப், கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற அந்தப் பெட்டி.

எங்கள் பாட்டுக்குழு பழைய கூடத்தை விட்டுப் புதிய அரங்கத்துக்குப் போகிறது. பெரிய மேடை. சாமான் ஏற்ற வந்த ஆட்கள் பெட்டியின் பின்னால் இருந்த வயரையெல்லாம் பிடுங்கிச் சுருட்டிக் கொண்டுவந்துவிட்டார்கள். எதை எதில் மாட்டுவது என்று ஒருவனுக்கும் தெரியவில்லை. கிட்டார் மாட்டுகிற முன்பக்கத்து ஓட்டை எனக்குத் தெரியும். பின்பக்கத்தில் நீங்கள் போட்ட இரண்டு ஓட்டைகள்தான் வம்பு. காலால் மிதித்தால் எதிரொலி தருகிற எக்கோ பெடலின் வயர்களை ஒரு மாதிரி மாட்டினால் சத்தமே இல்லை. மாற்றி மாட்டினால் வருகிறது, ஆனால் போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ஒருவன் பேசுகிற மாதிரி வருகிறது. மேல் கம்பி அழுதாலும் சிரித்தாலும் ஒரே மந்தம்.

ஒரு ஓட்டைக்கு மேல் சிவப்புப் பொட்டு இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. நீங்கள் ஊரை விட்டுப் போன அன்றைக்கே துணியில் தின்னரைத் தொட்டு நான்தான் துடைத்தேன். உங்கள் கை வைத்த அடையாளம் என் பெட்டியில் எதற்கு என்று துடைத்தேன். வயர்கள் மாட்டியபடியே கிடந்ததால் இத்தனை நாள் பொட்டு தேவைப்படவில்லை. இப்போது தேவைப்படுகிறது.

கடைத்தெரு ரிப்பேர்காரனிடம் தூக்கிக்கொண்டு போனேன். மேல் மூடியை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, "இது யாரு செஞ்ச வேலைங்க? கம்பெனி வேலை இல்லையே. நான் தொட்டா அப்புறம் என்னைச் சொல்வீங்க" என்று மூடிக் கொடுத்துவிட்டான்.

அரங்கத்தில் முதல் கச்சேரி இந்த மாதக் கடைசியில். குழுவை நடத்துகிற பாட்டுக்கார அம்மா நல்லவள். ஆனாலும் நேற்று தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, கடைசி ஒத்திகைக்குள்ள சவுண்டு தெளியலைன்னா அந்த ஒரு கச்சேரிக்கு மட்டும் வேற ஆளை வச்சுக்கிறேன். மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். அந்த ஒரு கச்சேரிக்கு மட்டும் என்று ஆரம்பித்தது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் வாசித்தவரை இப்படித்தான் அனுப்பினார்கள். அந்த ஒரு கச்சேரிக்கு வந்த ஆள் நான்தான்.

அதனால்தான் கேட்கிறேன். இல்லாவிட்டால் கேட்டிருக்க மாட்டேன். என் தங்கை படுத்த படுக்கையாகக் கிடந்தபோது நீங்கள் பட்டறையில் உட்கார்ந்து துளைத்த ஓட்டைகள் அவை. அவளுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய நேரம் அந்தத் தகரத்துக்குள் போயிருக்கிறது. அதற்காவது அது ஒழுங்காக வேலை செய்யவேண்டும் அல்லவா?

கடைசி வரியை எழுத வேண்டாம் என்கிறாள் மருமகள். எழுதச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
கம்பி


மார்ச் 8

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது.

கீழே எழுதியிருப்பதை அந்தந்த வரிசையிலேயே செய்யச் சொல்லுங்கள். எக்கோ பெடலை முழுவதும் கழற்றிவிடுங்கள். கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் எதுவும் வேண்டாம், ஒரே ஒரு குட்டை வயர் போதும். இன்னொரு குட்டை வயரை எடுத்துப் பின்பக்கத்து இரண்டு ஓட்டைகளையும் ஒன்றோடு ஒன்று இணையுங்கள். இதில் எந்த முனை எதில் போனாலும் பரவாயில்லை. பிறகு வாசித்துப் பாருங்கள்.

அந்த இரண்டு ஓட்டைகளுக்கும் எஃபெக்ட்ஸ் லூப் என்று பெயர். பெட்டிக்குள் வேலை இரண்டு பாதியாக நடக்கிறது. முன் பாதியில் உங்கள் கரகரப்பு உண்டாகிறது. பின் பாதி அதற்குப் பலம் கொடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. லூப் என்பது இரண்டுக்கும் நடுவில் வைத்த வாசல். ஒரு ஓட்டை வழியாக ஒலி வெளியே போய், எக்கோவைச் சுற்றிக்கொண்டு, இன்னொன்றின் வழியாக உள்ளே வருகிறது. மாற்றி மாட்டினால் வாசல் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் சத்தமே இல்லை. குட்டை வயர் போட்டு ஒலி முழுதாக வந்தால் பெட்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் குற்றம் என் வேலையில். ஒப்புக்கொள்கிறேன்.

பொட்டைத் துடைத்தது பற்றி எழுதியிருந்தீர்கள். அதைத் துடைத்திருக்க வேண்டாம்.

இதற்கு அடுத்து ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். மன்னிக்கவும், வேறு தாள் இல்லை.

மகள் வீட்டில் எல்லோரும் சௌக்கியம்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை


மார்ச் 12

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். குட்டை வயர் போட்டதும் பெட்டி பழையபடி வாய் திறந்தது. மருமகள் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். குற்றம் உங்கள் ஓட்டையில் இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடவேண்டும்.

எது போகிற வழி, எது வருகிற வழி என்பதையும் கண்டுபிடித்துவிட்டேன். கிட்டாரை நேராகப் பின்பக்கத்து ஓட்டைகளில் ஒவ்வொன்றாகச் செருகினேன். ஒன்றில் செருகினால் மூச்சு இல்லை. இன்னொன்றில் செருகினால் கரகரப்பு இல்லாமல், பல் விளக்காமல் எழுந்து வந்தவன் மாதிரி மெலிசாகப் பேசியது. பேசினது வருகிற வழி. ஊமை போகிற வழி. சரிதானே?

ஆனால் அரங்கத்தில் கொண்டுபோய் எல்லாவற்றையும் முறையாக மாட்டினால் மறுபடி போர்வை. வீட்டில் தெளிவு, மேடையில் மந்தம். பெட்டியை மேடையின் பின்சுவரோரம் வைக்கச் சொல்கிறார்கள். பெடல்கள் முன்னால் என் காலடியில். ஒத்திகை நடுவில் பாட்டுக்கார அம்மா பாட்டை நிறுத்தினாள். தபேலாக்காரர் அவள் காதுக்குள் ஏதோ சொன்னார், இருவரும் என் காதைப் பார்த்தார்கள். கிழவனுக்குக் காது போய்விட்டது என்று நினைக்கிறார்கள். என் காதுக்கு ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் தீக்குச்சி உரசினால் எனக்குக் கேட்கும்.

காது மட்டுமா? எழுத்துப் படிக்கத் தெரியாதவனுக்கு எல்லாம் தலைக்குள்தான் இருந்தாகவேண்டும். நீங்கள் முதன் முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தது மாப்பிள்ளையாக அல்ல. பாட்டுக்குழுவுக்கு வயர் இழுக்க வந்தீர்கள். பச்சைச் சட்டை, இடது கை பட்டன் அறுந்திருந்தது. அப்போது நீ, நான், வாடா, போடாதான். என் தங்கை உங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நீங்கள் குடிக்காமல் சாலிடர் போட்டுக்கொண்டே இருந்தீர்கள். "உன் ஃப்ரெண்டு தண்ணியை ஆறப் போட்டுக் குடிப்பாரோ?" என்று என்னிடம் கேட்டாள். பச்சைத் தண்ணீரை.

அதே போலத்தான் மற்றதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவளைப் பார்க்க ஆரஞ்சு வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டு கேட் வரை வந்தேன். வெயில். உள்ளே டிரில் ஓடுகிற சத்தம். தகரத்தைத் துளைக்கிற சத்தம் எனக்குத் தெரியாதா? உடம்பு முடியாதவள் படுத்திருக்கிற வீட்டில் இந்த மனிதர் பட்டறையில் உட்கார்ந்து துளைத்துக்கொண்டிருக்கிறாரே என்று வயிறு எரிந்தது. பையை கேட்டில் மாட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன். அவள் போன பிறகு எல்லோர் முன்னாலும் நான் உங்களைக் கேட்டது இதைத்தான். இன்றைக்கும் கேட்பேன்.

நீங்கள் அடித்த வரியை மருமகள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். படிக்க முடியவில்லையாம். சாலிடர் போடுகிறவர் அடித்தாலும் அழுத்தமாகத்தான் அடிக்கிறார். அதில் என்ன எழுதினீர்கள்?

போர்வைக்கும் வழி சொல்லுங்கள். கடைசி ஒத்திகைக்கு நாள் நெருங்குகிறது.

இப்படிக்கு,
கம்பி


மார்ச் 16

மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள் மருமகளை.

முதலில் போர்வை. உங்கள் காதில் குறை இல்லை. வயரின் நீளம்தான் காரணம். பழைய கூடத்தில் பெட்டி உங்கள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. இப்போது மேடையின் முன்னாலிருந்து பின்சுவர் வரை கிட்டாருக்கு ஒரு வயர், பெட்டியிலிருந்து எக்கோவுக்கு ஒன்று, எக்கோவிலிருந்து திரும்ப ஒன்று. கிட்டாரிலிருந்து புறப்படுகிற ஒலி நோஞ்சான். நீள வயரில் நடக்க நடக்க அதன் மேல் சுரங்கள் வழியெல்லாம் உதிர்ந்துவிடும், அடிச்சுரம் மட்டும் வந்து சேரும். நடுவில் ஒருவர் கைத்தாங்கலாகப் பிடித்து நடத்திப் போகவேண்டும். அந்த வேலையைச் செய்கிற சின்னப் பெட்டிக்கு பஃபர் என்று பெயர். அது ஒலியைக் கூட்டவும் செய்யாது, மாற்றவும் செய்யாது. உள்ளே வந்ததைச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான்.

அப்படி ஒன்று உங்களிடமே இருக்கிறது. ஆம்பின் பின்பலகையைக் கழற்றினால், அடித்தட்டில் வலது மூலையில் ஒரு துணி மூட்டை இருக்கும், என்றைக்காவது பெரிய மேடைக்கு உதவும் என்று பெட்டியைத் திருப்பித் தரும்போது வைத்தது. அதற்குள் இரண்டு வாசல் உள்ள டப்பா. வெளியே எடுத்து உங்கள் காலடியில் வையுங்கள். கிட்டார் முதலில் கரகரப்பைக் கூட்டுகிற உங்கள் பழைய ஃபஸ் பெடலுக்குப் போகட்டும், அந்தப் பெடலுக்குக் கிட்டாரோடு நேராகப் பேசினால்தான் பிடிக்கும். அதற்குப் பிறகு பஃபர். அதற்குப் பிறகு நீள வயர். லூப்புக்குள் கவலை இல்லை. போகிற ஓட்டையில் நான் உள்ளேயே ஒரு பஃபர் வைத்திருக்கிறேன், உங்கள் எக்கோவிலும் ஒன்று இருக்கிறது.

இனி அடித்த வரி.

மச்சான், டிரில் பட்டறையில் ஓடவில்லை. உங்கள் தங்கையின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடியது.

நீங்கள் இரைச்சல் போகவில்லை என்று பெட்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருந்தீர்கள். இரைச்சலை அன்றைக்கே எடுத்துவிட்டேன். திருப்பித் தரப் புறப்பட்டபோது, "அதை இந்த ரூமுக்குக் கொண்டாங்க, கொஞ்சம் வாசிங்க" என்றாள். எனக்கு எங்கே வாசிக்கத் தெரியும்? ஒரு பழைய கிட்டாரை மாட்டித் தட்டுத் தடுமாறி இரண்டு கம்பியை இழுத்தேன். வலியை மறந்து சிரித்தாள். "எங்கண்ணன் வாசிக்கிறதை நீங்க வாசிச்சா பெட்டிக்கே கூச்சமா இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு தினமும் பெட்டி அந்த அறையில்தான். அவளுக்குத் தூக்கம் வராத பகல்கள் அவை. பெட்டியோடு நீங்கள் விட்டுப்போன எக்கோவைப் போட்டதும் காதைச் சாய்த்துக் கேட்டாள். உங்கள் வாசிப்பில் எதிரொலி கலங்கிவிடுகிறது, மூன்றாவது தரம் வரும்போது சேறாகிவிடுகிறது, இது ரொம்ப நாளாகத் தனக்குக் குறை என்றாள். உங்களிடம் சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள் என்று சொல்லவில்லையாம்.

அவள் சொன்னது சரி. எக்கோ கரகரப்புக்கு முன்னால் இருந்தால் எதிரொலி ஒவ்வொன்றும் கரகரப்புக்குள் போய்க் குழம்பும். கரகரப்புக்குப் பின்னால் வைத்தால் ஒவ்வொன்றும் தனித் தனியாக விழும். அதற்குத்தான் லூப். நான் துளைத்தேன், அவள் டார்ச் பிடித்தாள். வேலை முடிந்ததும் எழுத்து ஒட்டலாமா என்று கேட்டேன். "அண்ணனுக்கு எழுத்து எதுக்கு?" என்று தலையணைக்கு அடியிலிருந்து தன் நகப்பாலிஷ் பாட்டிலை எடுத்தாள். "போற வழிக்குச் சிவப்பு. வர்ற வழிக்கு ஒண்ணும் வேண்டாம், வர்றது தானா வரும்." அவளால் குனிய முடியவில்லை. நான் பெட்டியைத் தூக்கி அவள் விரலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் தின்னரில் துடைத்தது அதைத்தான்.

உங்கள் ஆரஞ்சுப் பையை மாலையில்தான் கேட்டில் பார்த்தோம். யார் வைத்தது என்று சொல்ல அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. "அண்ணன் வந்துட்டு உள்ள வராமப் போயிட்டான். என்னை இப்படிப் பார்க்க பயம் அவனுக்கு. போகட்டும், அவன் பெட்டியாவது நல்லா இருக்கட்டும்" என்றாள். ஒரு பழத்தை உரித்து நான்கு சுளை தின்றாள்.

அன்று எல்லோர் முன்னாலும் நீங்கள் கேட்டபோது இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். அவளை முன்னே நிறுத்தி நான் தப்பித்துக்கொள்கிற மாதிரி இருக்குமே என்று வாயை மூடிக்கொண்டேன். பிறகு மூடிய வாய் மூடியதாகவே இருந்துவிட்டது. அடித்த வரியில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: அந்தப் பொட்டு அவள் வைத்தது.

இப்படிக்கு,
மாப்பிள்ளை


மார்ச் 23

மாப்பிள்ளை,

கடிதத்தை மருமகள் நிறுத்தி நிறுத்தித்தான் படித்தாள். அவள் நிறுத்தினது நீங்கள் சொன்னதற்காக இல்லை.

பின்பலகையைக் கழற்றினேன். துணி மூட்டை இருந்தது. துணி என் தங்கையின் பழைய தாவணி, பூப்போட்ட மஞ்சள். அதை வாங்கும்போது கடையில் நானும் இருந்தேன். அவிழ்த்தால் உள்ளே உங்கள் டப்பா. அதிலும் ஒரு வாசலுக்கு மேல் சிவப்புப் பொட்டு. இங்கே என் தின்னர் வரவில்லை. கொஞ்சம் கோணலாக, ஓரத்தில் வழிந்து காய்ந்திருக்கிறது. கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தேன், நன்றாக மேடாக இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டுகூட மாட்டலாம்.

நேற்று ஒத்திகை. ஃபஸ், பிறகு டப்பா, பிறகு நீள வயர். எக்கோ பின்பக்கத்து லூப்பில். முதல் கம்பியை இழுத்தேன். அது அரங்கத்தின் கடைசி நாற்காலி வரை போய்த் திரும்பி வந்தது. எதிரொலி ஒன்று, இரண்டு, மூன்று, ஒவ்வொன்றும் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி. மூன்றாவது கலங்கவில்லை. தங்கை கேட்டிருந்தால் சரி என்றிருப்பாள். பாட்டுக்கார அம்மா மைக்கை வைத்துவிட்டு இறங்கி, அரங்கத்தின் பின்வரிசை வரை நடந்து போய் நின்று கேட்டாள். திரும்பி வந்து, "அண்ணே, இத்தனை வருஷம் இதை எங்க வச்சிருந்தீங்க?" என்றாள். தபேலாக்காரர் என் காதைப் பார்க்கவே இல்லை. கச்சேரிக்கு நான்தான்.

பெட்டிக்குள்ளேயே இருந்தது என்று அவளிடம் சொன்னேன். அவள் வேறு ஏதோ புரிந்துகொண்டு தலையாட்டினாள்.

பயம் என்று என் தங்கை சொன்னது சரிதான். அதைப் பற்றி இன்னும் ஏதாவது எழுதட்டுமா மாமா என்று மருமகள் கேட்கிறாள். சரி என்று எழுதினால் போதும் என்றேன்.

அன்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். கச்சேரிக்கும் எல்லோரும் வருவார்கள், அன்று கூடியிருந்த அதே ஆட்கள். அவர்கள் முன்னால் சொல்லவேண்டியதைச் சொல்ல நீங்கள் அங்கே இருந்தாகவேண்டும். இல்லாத ஆளிடம் எப்படிச் சொல்வது?

இன்னொன்று. அந்த இரண்டு ஓட்டைகளும் இப்போது என் கைக்குப் பழகிவிட்டன. பொட்டு இல்லாமலே மாட்டிவிடுவேன். ஆனாலும் அந்த இடத்தில் வெறும் தகரம் பளபளவென்று தெரிகிறது. நான் அழுத்தித் தேய்த்த இடம். பெட்டியைத் திருப்பும்போதெல்லாம் கண் அங்கேதான் போகிறது.

அந்த பாட்டில் உங்களிடம் இருக்கிறதா?

கம்பி


மார்ச் 26

மச்சானுக்கு,

இருக்கிறது. அடியில் கொஞ்சம் இருக்கிறது. காய்ந்து கெட்டியாகிவிட்டது. பேத்தி ஒரு தடவை கேட்டாள், கொடுக்கவில்லை.

பார்சலில் அனுப்பினால் உடைந்துவிடும். நானே கொண்டுவருகிறேன். கச்சேரிக்கு முதல் நாள் காலை ரயில். தூரிகை நன்றாக இருக்கிறது. இரண்டு சொட்டு தின்னர் விட்டால் இளகிவிடும், ஒரு பொட்டுக்குப் போதும். பொட்டு நீங்கள்தான் வைக்கவேண்டும். பெட்டியைத் தூக்கி நான் பிடித்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை


மார்ச் 28

மாப்பிள்ளை,

ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். ரயிலுக்கு வெளியே நிற்க மாட்டேன், பெட்டிக்குள் ஏறி உங்கள் பையை வாங்கிக்கொள்வேன். மருமகள் உங்கள் அறையைக் கூட்டி வைத்துவிட்டாள். ஆம்பின் பின்பலகையை இன்னும் மாட்டவில்லை, அப்படியே திறந்து வைத்திருக்கிறேன்.

தின்னர் வாங்கி வர வேண்டாம். என்னிடம் இருக்கிறது.

கம்பி